பூமிக்குள் ஒரு கணக்கு

திருமுக்கூடலில் மூன்று நதிகள் சங்கமம் ஆகின்றன: பாலாறு, செய்யாறு, வேகவதி. ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்திருந்தால் இந்த வாக்கியத்தில் பொய் கிடையாது. மற்ற மாதங்களில் போகிறவர்கள் மூன்று மணல்வெளிகள் சங்கமம் ஆவதைத்தான் பார்க்கலாம். எனக்கு இரண்டு காட்சியும் பிடிக்கும். ஆனால் நான் அங்கே அடிக்கடி போவது ஒரு சுவருக்காக.

கரையில் இருக்கும் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1060-களின் கடைசியில் வெட்டியது. 50 வரிக்கு மேல் ஓடுகிறது. ராஜாவின் மெய்க்கீர்த்தி, ஜயித்த யுத்தங்கள் எல்லாம் அதிலும் உண்டு. அவற்றைப் பற்றி எனக்கு அவ்வளவு சிரத்தை இல்லை. பின்னால் வருகிற சமாசாரம்தான் என்னை இழுக்கிறது. இந்தக் கோயிலில் ஒரு பாடசாலையும், மாணாக்கர் விடுதியும், ஓர் ஆஸ்பத்திரியும் நடந்திருக்கின்றன. ஆதுலர் சாலை என்கிறது கல்வெட்டு. அதில் 15 படுக்கை. வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. ரண சிகிச்சை செய்கிறவருக்கு 30 கலம். மூலிகை பறித்து மருந்து காய்ச்சுகிறவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டு வருகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் இன்னது என்று எழுதியிருக்கிறது. நோயாளி ஒருவருக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி. எந்தத் தைலம், எந்தக் கிருதம், எத்தனை இருப்பு வைக்க வேண்டும் என்பதும் உண்டு. இரவு முழுதும் ஒரு விளக்கு எரிய எண்ணெய்க்குக்கூட ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்துத் தர்மங்களெல்லாம் சந்திர சூரியர் உள்ள வரைக்கும் என்றுதான் ஏற்படும். சந்திரனும் சூரியனும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியைத்தான் காணோம்.

"இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கூட வந்த நண்பரைக் கேட்டேன்.

"பட்ஜெட், சார். ஊரார் கண்ணெதிரே எழுதின பட்ஜெட்" என்றார் அவர்.

நண்பர் இந்தப் பக்கத்துக்காரர். ஆற்றோரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, படித்து, முப்பத்தைந்து வருஷம் பூமிக்குள் பெட்ரோலியம் தேடும் உத்தியோகத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டார். பழைய பாஷையில் பூகர்ப்ப சாஸ்திரி என்று சொல்லலாம். இப்போது புவியியலாளர் என்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு இரண்டும் வாயில் நுழையவில்லை. "எண்ணெய்க்காரர்" என்றே பெயர் விழுந்துவிட்டது. செக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்து நல்லெண்ணெய் என்ன விலை என்று விசாரித்தவர்களும் உண்டாம்.

நானும் ஏறக்குறைய அந்த ரகந்தான். கோயிலை விட்டு வெளியே வந்ததும், "இத்தனை வருஷம் எங்கெங்கோ தேடினீர்களே, சொந்த ஊரில் தேடக் கூடாதா?" என்று கேட்டேன். அப்போது பார்த்து ஒரு ஜல்லி லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. இந்தச் சுற்று வட்டாரத்தில் கல் குவாரிகள் அதிகம்.

"அதோ போகிறதே, அந்தக் கல்தான் பதில்" என்றார். "அதன் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவை ஸ்தாபித்தவர் என்று சொல்வார்களே ஜாப் சார்னாக், அவர் சமாதியில் வைத்தது நம் சென்னைப் பக்கத்துக் கல். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற வெள்ளைக்காரர் 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கும் வைத்துவிட்டார். வயசு ஏறக்குறைய 250 கோடி வருஷம். இதற்குள்ளே ஒரு சொட்டு எண்ணெய் புகுந்து உட்கார இடம் கிடையாது."

"இடம் என்றால்?"

அவர் பேசாமல் என்னைப் பாலத்தருகே இருந்த டீக்கடைக்கு அழைத்துப் போனார். இரண்டு கண்ணாடித் தம்ளர் வாங்கினார். ஒன்றில் தண்ணீர். இன்னொன்றில் ஆற்று மணலை விளிம்பு வரை நிரப்பி, விரலால் தட்டி அமுக்கி என்னிடம் நீட்டினார். "இது நிரம்பியிருக்கிறதா?" "நிரம்பியிருக்கிறது." தண்ணீரை மெதுவாக அந்த மணலில் ஊற்றினார். குடித்துக்கொண்டே போயிற்று மணல். மூன்றில் ஒரு பங்குத் தம்ளர் தண்ணீர் அதற்குள் மறைந்துவிட்டது. டீக்கடைக்காரர் தம்ளரைத் திரும்ப வாங்கிக் கழுவும்போது எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்க வேண்டியதில்லை.

பாலாற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மேலே பொட்டு ஈரம் தெரியாத ஆற்றில் கையால் பறித்தாலே ஊற்றுச் சுரந்த காலம் உண்டு. நதி மணலுக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோலியமும் அப்படித்தான் இருக்கிறது என்று நண்பர் சொன்னபோது, இத்தனை நாளாக என் மனசில் இருந்த பாதாள எண்ணெய்க் கடல் வற்றிப்போயிற்று. கடலும் இல்லை, ஏரியும் இல்லை. கீழே இறுகிப் பாறையாகிவிட்ட மணல். அந்த மணற்பாறையின் பொடித் துவாரங்களில் எண்ணெய். அவ்வளவுதான்.

அது எப்படி அங்கே வந்தது என்பது ஒரு நீண்ட புராணம். சுருக்கிச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்கள் கோடானுகோடி செத்துச் சேற்றில் விழுகின்றன. சேற்றின் மேல் சேறு படிந்து, ஆழம் கூடக் கூட வெப்பம் ஏறுகிறது. 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை கொதிக்காமல் காய்கிற பக்குவத்தில், லட்சக்கணக்கான வருஷத்தில், அந்தச் சேறு எண்ணெயைக் கக்குகிறது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. மேலே ஏறப் பார்க்கும். மணற்பாறை வழியாக ஏறும். வழியில் நெருக்கமான களிப்பாறை ஒன்று மூடி போட்டாற்போல் குறுக்கிட்டால், அதற்கடியில் தேங்கிவிடும். மூடி இல்லாவிட்டால் எண்ணெய் மேலே வந்து காற்றோடு போய்விடும். ஆகவே எண்ணெய் தேடுகிறவன் உண்மையில் தேடுவது மூடியைத்தான் என்றார் நண்பர்.

மூடி, மணல், பழைய சேறு மூன்றும் ஒன்றாக அமைந்த இடம் தமிழ்நாட்டில் காவிரிப் படுகை. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டிக்கொண்டிருந்து பிரிந்த காலத்தில் விழுந்த பள்ளம் அது. பத்துக் கோடி வருஷத்துக்கு முந்திய கடல் அங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமானால் அரியலூருக்குப் போய்ப் பார்க்கலாம். வயல் வரப்பில் கடல் சிப்பி கல்லாகிக் கிடக்கிறது. பாலாற்றுக்கும் ஒரு படுகை உண்டு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மண்ணில் டைனோசர் காலத்து இலைகளின் அச்சு கிடைத்திருக்கிறது. ஆனால் வியாபாரத்துக்கு ஆகிற அளவு எண்ணெய் அங்கே இதுவரை அகப்படவில்லை. காவிரிப் பக்கம் 1960-களில் ஆழ்துளை இறக்க ஆரம்பித்து, 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கண்டார்கள். 1993-ல் அதற்கென்று நாகூர் அருகே பனங்குடியில் ஒரு சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. என் நண்பரின் வாலிபம் முழுவதும் அந்த வயல்களில்தான் கழிந்தது.

இது வரைக்கும் சொன்னது எடுத்த கதை. நான் எழுத உட்கார்ந்தது வைக்கிற கதையைப் பற்றி.

ஓய்வு பெற்ற எண்ணெய்க்காரருக்கு இப்போது ஒரே யோசனை: எடுத்த இடத்தில் எதையாவது திருப்பி வைக்க முடியுமா என்பதுதான். எண்ணெயையும் நிலக்கரியையும் எரித்தோம்; கரியமில வாயுவாக ஆகாசத்தில் ஏற்றினோம். உலகம் முழுதும் இப்படி வருஷத்துக்குச் சுமார் 3,700 கோடி டன். நம் தேசத்தின் பங்கு 300 கோடி டன்னுக்குக் குறையாது. ஆயிரம் மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்று மட்டும் வருஷத்துக்கு 60 லட்சம் டன்னுக்குக் குறையாமல் விடுகிறது. அந்தப் புகையிலிருந்து வாயுவைப் பிரித்து, அமுக்கி, எண்ணெய் எடுத்த மணற்பாறையிலோ உப்புத் தண்ணீர் நிரம்பிய ஆழ்ந்த மணற்பாறையிலோ செலுத்தி மூடிக்கடியில் வைத்துவிடுவது என்பது யோசனை. எண்ணெயைப் பத்து லட்சம் வருஷம் பிடித்து வைத்த மூடி, இதையும் பிடித்து வைக்காதா?

"வாயுவைப் பூமிக்குள் அடைத்தால் குமிழி விடாதா?" என்றேன்.

"800 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் அழுத்தமும் சூடும் சேர்ந்து அதன் குணத்தையே மாற்றிவிடும். அப்போது அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை." அக்கரையில் பழைய சீவரத்துக் குன்றைக் காட்டினார். "அதோ மலைமேல் இருக்கிறாரே லக்ஷ்மி நரசிம்மர், அவர் மாதிரி. மனுஷனும் இல்லை, சிங்கமும் இல்லை."

ஒரு டன் கரியமில வாயு தரைக்கு மேலே ஒரு சின்னக் கல்யாணக் கூடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த ஆழத்தில் இரண்டு கன மீட்டருக்குள் சுருண்டுவிடும். கொஞ்சம் துவாரங்களில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் உப்புத் தண்ணீரில் சோடா மாதிரி கரையும். கடைசியில், மெள்ள மெள்ள, பாறையோடு சேர்ந்து கல்லாகும். ஐஸ்லாந்தில் 2012-ல் எரிமலைப் பாறைக்குள் இந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்துச் செலுத்தினார்கள். பெரும்பகுதி இரண்டு வருஷத்துக்குள் கல்லாகிவிட்டது என்று 2016-ல் கணக்குக் கொடுத்தார்கள். அகலிகை கதைதான், சாபம் கொடுத்தவர்கள் மட்டும் விஞ்ஞானிகள்.

இது ஒன்றும் மனுஷன் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. அரியலூர் சுண்ணாம்புக் கல் இருக்கிறதே, அதில் நூறு கிலோவுக்கு நாற்பது கிலோ வரை கரியமில வாயுதான். பழைய கடலும் அதன் சிப்பிகளும் சேர்த்துப் பத்திரமாகக் கட்டி வைத்த பொட்டலம். சிமெண்டுச் சூளையில் போட்டு நாம் அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடலுக்கடியில் வைத்துப் பார்த்தவர்கள் நார்வேக்காரர்கள். 1991-ல் அங்கே கரியமில வாயுவுக்கு வரி போட்டார்கள். ஸ்லைப்னர் என்ற இடத்தில் எடுக்கிற இயற்கை வாயுவில் கரியமில வாயு கலந்து வந்தது. பிரித்துக் காற்றில் விட்டால் வரி. ஆகவே 1996 முதல் அதைக் கடலடி மணற்பாறையில் இறக்கினார்கள், வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டன். வரி போட்டால் புத்தி பிறக்கிறது என்பது எல்லாத் தேசத்துக்கும் பொது போலும். நம்மிடமும் ஒரு சிறு முயற்சி உண்டு. 2016-ல் தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை, தன் கொதிகலன் புகையிலிருந்து வருஷத்துக்கு 60,000 டன் பிடித்துச் சோடா உப்பு செய்யத் தொடங்கியது. அது பூமிக்குள் போவதில்லை. கண்ணாடிக்கும் சலவைப் பொடிக்கும் போகிறது.

இவ்வளவையும் கேட்டபோது எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு உற்சாகம் வந்தவுடனே சந்தேகமும் வந்துவிடும். இந்த மாதிரி எல்லாத் திட்டங்களும் சேர்ந்து உலகத்தில் வருஷத்துக்குப் பிடிப்பது சுமார் 5 கோடி டன். 3,700 கோடியில் 5 கோடி என்றால், ஏழு ரூபாய்க் கடனில் ஒரு பைசா திருப்பிக் கொடுத்தாற்போல. அந்த ஒரு பைசா ரசீதைக் காட்டி இன்னும் ஏழு ரூபாய் கடன் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பிடித்து வைக்கப் போகிறோமே, ஆகவே எரிப்போம் என்கிறார்கள். இதை நண்பரிடம் சற்றுக் காரமாகவே சொன்னேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நியாயந்தான். சூரிய வெளிச்சத்திலும் காற்றிலும் மின்சாரம் எடுக்க முடிகிற இடத்தில் இதைப் பேசுகிறவன் ஏமாற்றுக்காரன். ஆனால் சிமெண்டு சூளைக்கு என்ன செய்வீர்கள்? கல்லுக்குள்ளிருந்தே வாயு வருகிறதே! உங்கள் வீடு சிமெண்டு இல்லாமலா நிற்கிறது?" என்றார். என் வீட்டுக் கடனை நினைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவரே ஒரு விஷயம் சொன்னார். அதற்காகத்தான் என்னை அழைத்து வந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

நாட்டுப்புறத்தில் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்குகிறவர்கள் முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. அடியில் தேங்கி நிற்பது பெரும்பாலும் இந்தக் கரியமில வாயுதான். காற்றைவிடக் கனம், பள்ளம் பார்த்துப் படுக்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாகாணத்தில் சடார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகில், இந்த வாயுவைக் கொண்டு போகும் குழாய் ஒன்று வெடித்தது. நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தப்பி ஓடலாம் என்றால் பிராணவாயு இல்லாமல் மோட்டார்களே நடுவழியில் நின்றுவிட்டன.

"குழாய் மேலே இருக்கிறது. உடைந்தால் தெரியும். நான் பயப்படுவது அதற்குக்கூட இல்லை, சார். மூடியில் ஓட்டை போட்டது யார்? நாங்கள்தான். டெல்டாவில் நூற்றுக்கணக்கான கிணறு இறக்கியிருக்கிறோம். ஒவ்வொன்றும் அந்தக் களிப்பாறையைத் துளைத்துக்கொண்டுதான் போயிற்று. வேலை முடிந்த கிணற்றைச் சிமெண்டு வைத்து அடைத்தோம். சிமெண்டும் இரும்புக் குழாயும் எத்தனை நாள் தாங்கும்? ஐம்பது வருஷமா, நூறா? சோடாத் தண்ணீரில் இரும்பு என்ன ஆகும்? மூடி பத்து லட்சம் வருஷம் தாங்கியது, தக்கைதான் புதிது." அவர் ஒரு கணம் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதில் சிலவற்றுக்கு இடம் குறித்துக் கொடுத்தவன் நான்."

அல்ஜீரியாவில் இன் ஸாலா என்ற பாலைவன இடத்தில் 2004-ல் இப்படி வாயு இறக்க ஆரம்பித்தார்கள். மேலே தரை சில மில்லிமீட்டர் உப்பியதை விண்கோள்கள் கண்டுபிடித்தன. மூடிப் பாறையைப் பற்றிக் கவலை வந்து 2011-ல் நிறுத்திவிட்டார்கள். பாலைவனத்தில் நிறுத்தியது எளிது. நாகப்பட்டினத்தில் வயலுக்கு நடுவே?

ஐரோப்பாவில் 2009-ல் இதற்குச் சட்டம் செய்தார்கள். வாயு வைத்த கம்பெனி, வேலை முடித்து மூடிய பிறகு குறைந்தது இருபது வருஷம் பொறுப்பு ஏற்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அப்புறம் அரசாங்கத்தின் பொறுப்பு. இருபது வருஷம்! கோயில் சுவரில் எழுதியவன் சந்திர சூரியரைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். அவனுடைய ராஜ்யம் இரு நூற்றாண்டுக்குமேல் கொஞ்சம் நின்றது. இந்த வாயு ஆயிரமாயிரம் வருஷம் உள்ளே இருந்தாக வேண்டும். பாறையை நம்பலாம் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். நானும் நம்புகிறேன். கணக்கை யார் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கம்பெனிகள் பெயர் மாறும், விற்றுப்போகும். ஆபீஸர்கள் மாற்றலாகிப் போவார்கள். ஊர்தான் அங்கேயே இருக்கும்.

ஊரைக் கேட்காமல் பேசிக்கொண்டே போகிறோமே என்று எனக்கு உறுத்தியது. நண்பருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். "அடுத்த வாரம் அக்காவைப் பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா?" என்றார்.

அவருடைய அக்காவைக் கொடுத்திருப்பது திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் ஓர் ஊரில். போய் இறங்கியபோது அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாள் நின்றது. வயல்களுக்கு நடுவே கம்பி வேலி போட்டு, தரையிலிருந்து ஆளுயரத்துக்கு வால்வுகள் வைத்த குழாய் ஒன்று நின்றது. அதைக் கடந்து போகும்போது நண்பர் வண்டியின் மறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களுக்கு முதலில் மோர் வந்தது, பிறகு சாப்பாடு, பிறகுதான் பேச்சு. தம்பி தன் யோசனையை, தம்ளரும் மணலும் இல்லாமல், நன்றாகவே சொன்னார். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "எடுக்கறப்போவும் இப்படித்தான் ஒருத்தர் வந்து உட்கார்ந்து சொன்னார். ரோடு வரும், வேலை வரும்னார். நீயும் அவங்க கூட இருந்தே. ரோடு வந்துது, லாரி போறதுக்கு" என்றார்.

2017 ஜூன் 30-ஆம் தேதி கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியதும், ஊர் திரண்டதும், கைதுகள் நடந்ததும் பத்திரிகை படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அதே வருஷம் நெடுவாசலில் மாதக் கணக்கில் ஜனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இந்த அம்மாளும் பஸ் ஏறிப் போய் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தவர். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டசபையில் சட்டம் வந்து, புதிதாக எண்ணெய் எடுக்கும் வேலைகளுக்குத் தடை விழுந்தபோது, தெருவில் எல்லாருக்கும் பாயசம் கொடுத்தாராம். தம்பிக்கு ஒரு கிண்ணம் அனுப்ப முடியவில்லையே என்று வருத்தப்பட்டதாக நண்பரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"எண்ணெயை எடுக்காதேன்னோம். இப்போ புகையைக் கொண்டாந்து இங்க பொதைக்கறேங்கறே. மெட்ராஸ்காரன் கரண்டு எரிக்கிறான். அவன் புகைக்கு எங்க ஊரு குழியா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நண்பரிடமும் இல்லை. நல்ல சுடுகாடு அமைந்த ஊர் என்பதற்காக ஒருவன் தன் ஊரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியுமா? பூமி சாஸ்திரப்படி அந்தக் களிப்பாறை அங்கேதான் இருக்கிறது, மெட்ராஸில் இல்லை. ஆனால் அக்கா கேட்டது பூமி சாஸ்திரம் இல்லை.

நண்பர் கானடா தேசத்து விஷயம் ஒன்றை எடுத்தார். வேபர்ன் என்ற எண்ணெய் வயலில் 2000 முதல் இந்த வாயுவை இறக்குகிறார்கள். 2011-ல் பக்கத்து விவசாயத் தம்பதி ஒருவர், எங்கள் நிலத்தில் வாயு கசிகிறது, குட்டையில் குமிழி வருகிறது என்று புகார் சொன்னார்கள். தேசமே பார்த்தது. ஆராய்ந்தவர்கள், அது மண்ணில் இயல்பாக உண்டாகிற வாயுதான், கீழேயிருந்து வரவில்லை என்று முடிவு சொன்னார்கள்.

"அந்தப் புருஷன் பெண்டாட்டி அதை ஒத்துக்கிட்டாங்களா?" என்று அக்கா கேட்டார்.

"அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை."

"எப்படி ஒத்துப்பாங்க? முன்னாடி எப்படி இருந்துதுன்னு அவங்க கையில எழுதி வச்சிருந்தாத்தானே?"

நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரிய பெரிய மாநாடுகளில் பேசுகிற விஷயத்தை அந்த அம்மாள் வெற்றிலை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். இறக்குவதற்கு முன்னால் மண்ணிலும் கிணற்றிலும் என்ன இருந்தது என்று அளந்து வைக்காவிட்டால், பின்னால் கசிந்தாலும் நிரூபிக்க முடியாது, கசியாவிட்டாலும் நிரூபிக்க முடியாது. அளந்தால் மட்டும் போதாது. அந்தத் தாள் யாரிடம் இருக்கிறது என்பதுதான் எல்லாம். கம்பெனி அலமாரியில் இருந்தால் ஊருக்கு அது இல்லாத மாதிரிதான். திருமுக்கூடல் வைத்தியர் 90 கலத்துக்கு ஒரு மரக்கால் குறைத்து வாங்கியிருந்தால், எழுத்துத் தெரிந்த எந்த நோயாளியும் படுக்கையிலிருந்து எழுந்து வந்து சுவரைக் காட்டியிருக்கலாம்.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் நண்பர் பையிலிருந்து இரண்டு கண்ணாடிப் பாட்டிலை எடுத்தார். அக்கா வீட்டுப் பம்புசெட்டுத் தண்ணீரில் ஒரு பாட்டிலும், பழைய கேணித் தண்ணீரில் ஒரு பாட்டிலும் எடுத்துப் போய்ப் பரிசோதிக்க ஆசை. "உங்க ஆபீசுக்கா?" என்றார் அக்கா. "ஆபீஸ் ஏது எனக்கு இப்போது? நானே காசு கொடுத்துப் பார்க்கிறேன், அக்கா." அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வந்தார். பால் கணக்கு எழுதுகிற நாற்பது பக்க நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு, 'தம்பி தண்ணி எடுத்தது, 2 பாட்டில்' என்று எழுதினார். பேனாவைத் தம்பியிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். என்னையும் போடச் சொன்னார்.

"என்ன வருதோ அத முதல்ல இதுல எழுதிட்டு, அப்புறம் வேற எங்க வேணா எழுது. தபால்ல அனுப்பாதே. நேர்ல வந்து எழுது" என்றார்.

நண்பர் பாட்டிலோடு பம்புசெட்டுப் பக்கம் நடந்தார். அக்கா பின்னாலேயே போய், குழாயை முதலில் கொஞ்ச நேரம் ஓட விட்டுவிட்டு அப்புறம் பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.